சாலிடரா, ஸ்லாட்டா? லேப்டாப்பில் எதை மாற்றலாம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் காலடிப்பேட்டையிலிருந்து ஓர் அக்கா தன் லேப்டாப்பைக் கட்டைப்பையில் போட்டு எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்கு எடுத்துவந்தார். வீட்டு வாசலிலேயே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாகக் கடை வைத்திருப்பவர். "சுவிட்ச்சைப் போட்டுட்டு டீ வெச்சு இறக்கிடலாம் தம்பி, அப்புறம்தான் இது முழிக்குது. ஒரு கடையில கேட்டா போர்டே போச்சு, புச்சா வாங்கிக்கோன்றான். இன்னா பண்றது?"

போர்டு போகவில்லை. கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் கிழடாகிவிட்டது, ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம் போதவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. ஸ்லாட்டில் செருகிய பாகத்தைக் கழற்றி மாற்றலாம், போர்டில் சாலிடர் செய்து ஒட்டியதை மாற்ற முடியாது. எதை மாற்றலாம், எதைத் தொடவே முடியாது என்பதில் பெரும்பகுதியை, லேப்டாப் மூடியிருக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். அதைத் தெரிந்துகொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறவருக்கும், தெரியாமல் போகிறவருக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கும். நான் வழக்கமாகப் பார்க்கும் வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: நோய் எங்கே?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சும்மா இருக்கும் லேப்டாப்பைப் பார்த்துப் பயனில்லை. தினமும் எப்படி வேலை செய்வீர்களோ அப்படியே எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்: குரோமில் ஏழெட்டு டேப், ஒரு எக்செல், ஸ்கேனர், வாட்ஸ்அப். அப்புறம் எந்தக் கோடு உச்சியில் நிற்கிறது என்று பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சேமிப்பகம்தான் குற்றவாளி. மெமரி 85, 90 என்று நின்றால் ரேம் பற்றவில்லை. இரண்டும் சேர்ந்து ஏறினால், பெரும்பாலும் ரேம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். சிபியு, அதாவது பிராசஸர் மட்டும் 100 என்றால் அதற்கு மருந்து குறைவு, பின்னால் சொல்கிறேன்.

மூன்றுமே அமைதியாக இருந்தும் லேப்டாப் ஊர்ந்தால், சிபியு பக்கத்தில் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 2 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய சிப், வேலை கொடுத்தும் 0.8-ஐத் தாண்டவில்லை என்றால் சூடு காரணமாக இருக்கலாம். சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு. எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் கண்டெய்னர் லாரி போகும் சாலையோரத்தில் வீடு இருப்பவர்களின் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே வேறு லேப்டாப் மாதிரி ஓடும். இதை யாரும் அப்கிரேடு என்று கணக்கில் வைப்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் அப்கிரேடு இதுதான்.

இரண்டாம் படி: முழு மாடல் பெயர்

"எச்பி, பதினஞ்சு இன்ச்" என்று சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? ஒரே பெயரில் இருபது வகை இருக்கும். அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால், விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறங்கள், அதில் இருக்கும்.

அந்த எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று சேர்த்து இணையத்தில் தேடுங்கள். எச்பி, டெல், லெனோவா மூன்றும் பெரும்பாலான மாடல்களுக்கு இதை இலவசமாகவே வைத்திருக்கின்றன. எந்த ஸ்க்ரூ எங்கே, ரேம் ஸ்லாட் எத்தனை, எது போர்டோடு ஒட்டியது என்று படத்தோடு இருக்கும். லெனோவாவின் பிஎஸ்ஆர்இஎஃப் தளத்தில், ரேம் சாலிடர் செய்யப்பட்டதா, அதிகபட்சம் எவ்வளவு போடலாம் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். யூடியூப் வீடியோவைவிட இதை நான் அதிகம் நம்புவேன். வீடியோவில் இருப்பது உங்கள் மாடலின் தம்பியாகவோ ஒன்றுவிட்ட அண்ணனாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி: ரேம்

டாஸ்க் மேனேஜரில் மெமரியைச் சொடுக்கினால் கீழே நான்கைந்து வரிகள் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. உங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் சோடிம் என்று இருந்தால் நல்ல சேதி. ரேம் தனிப் பலகையாக ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மாற்றலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேம் சிப்புகள் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டவை. ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரி எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். இந்த வரியை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம்: சாலிடர் செய்த ரேமையும் அது ஸ்லாட்டாகவே எண்ணும். மெல்லிய புது லேப்டாப்களில் "8-இல் 8" என்றுகூடக் காட்டும். உள்ளே ஒரு ஸ்லாட்டும் இருக்காது. இரண்டு வரியையும் சேர்த்துப் படித்து, மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடு வரியை வைத்து வகையை ஊகிக்கலாம். 1600 வரை என்றால் டிடிஆர்3 குடும்பம். சோடிம் என்று காட்டி 2133 முதல் 3200 வரை இருந்தால் டிடிஆர்4. 4800-உம் அதற்கு மேலும் டிடிஆர்5. ஒன்று இன்னொன்றின் ஸ்லாட்டில் ஏறாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ஏறவில்லை என்றால் அழுத்தாதீர்கள். தவறான ரேமை வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிடிஆர்3-இல் ஒரு பொறி உண்டு. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஸ்லாட்டிலும் சிரமமில்லாமல் ஏறும். ஆனால் இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை யூ வகை (பெயர் யூ என்று முடியும்) சிப் உள்ள லேப்டாப்கள் 1.35 மட்டும்தான் கேட்கும். 1.5 வோல்ட்டைப் போட்டால் திரையே வராது. முதல் தடவை இப்படி ஆனபோது, லேப்டாப்பைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல ஆன் ஆனது. ரேம் ஸ்டிக்கரில் பிசி3-க்குப் பக்கத்தில் எல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு போடலாம்? உங்கள் சிப்பின் பெயரை இன்டெல் தளத்திலோ ஏஎம்டி தளத்திலோ தேடினால் அதிகபட்ச மெமரி இருக்கும். செலரான் என்4000, என்4020 போன்றவற்றுக்கு இன்டெல் சொல்லும் வரம்பு 8 ஜிபி. ஐ3, ஐ5 என்றால் வழக்கமாக 16-க்குக் குறையாது. சில லேப்டாப்களில் 4 ஜிபி போர்டில் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். அதில் 8 போட்டு 12 ஆக்கிக்கொள்ளலாம்; இரண்டும் சமமாக இல்லையே என்ற கவலை வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், முக்கியமாக ஏஎம்டி ரைசனில், ஒரே 8 ஜிபியைவிட இரண்டு நாலு ஜிபி நல்ல பலன் தரும். கிராஃபிக்ஸும் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு பாதை இருந்தால் அதற்கு நெரிசல் குறைவு.

இன்னொன்று: விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்தான். முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

நான்காம் படி: சேமிப்பகம்

பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள். சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிப்பது அது. சுற்றும் தட்டு உள்ள லேப்டாப் ஹார்ட் டிஸ்க், நல்ல நிலையிலேயே நொடிக்கு 100 எம்பி பக்கம்தான் படிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டியே 500-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி அலையும் நேரம் காணாமல் போய்விடும். விண்டோஸ் ஆன் ஆகும்போது செய்வது அந்த அலைச்சல்தான்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பகுதி, இருப்பது எஸ்எஸ்டியா எச்டிடியா என்று சொல்லிவிடும். மொத்த அளவு 29 ஜிபி, 58 ஜிபி என்று விநோதமாக இருந்தால் பெரும்பாலும் இஎம்எம்சி. மலிவான குட்டி லேப்டாப்களில் வரும் இது போர்டோடு ஒட்டியது, கழற்ற வராது. அப்படிப்பட்டதில், மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் காலி எம்.2 ஸ்லாட் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள், இருந்தால் பிழைத்தீர்கள்.

2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். 7 மில்லிமீட்டர் தடிமன்தான் இப்போது எல்லாம். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் கொஞ்சம் ஆடும். கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் சரியாகிவிடும்.

குழப்பம் எல்லாம் எம்.2-இல்தான். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்பவை குட்டைகள். ஸ்லாட்டில் ஏறிவிட்டது, ஸ்க்ரூ பொருந்திவிட்டது என்பதோடு முடிவதில்லை. அந்த ஸ்லாட் பேசும் மொழி சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ-யா என்பதுதான் கேள்வி. நான் ஒரு தடவை மேனுவலைப் பார்க்கச் சோம்பல்பட்டு என்விஎம்இ வாங்கிவந்தேன். அழகாக உட்கார்ந்தது. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் பெயரே வரவில்லை. அந்த மாடலின் ஸ்லாட்டுக்குச் சாட்டா கம்பி மட்டும்தான் போட்டிருந்தார்கள். மே மாத வெயிலில் திரும்பவும் ரிச்சி தெரு. டப்பாவைக் கிழித்துவிட்டதால் மாற்றித் தரவும் இல்லை. என் சோம்பலுக்கு நான் கட்டிய அபராதம் அது.

வைஃபை கார்டும் எம்.2 வடிவில்தான் இருக்கும். மேனுவலில் "இரண்டு எம்.2" என்று பார்த்து இரண்டும் எஸ்எஸ்டிக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

டிவிடி டிரைவ் இருக்கிறதா? அதைக் கழற்றி, அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தைப் போட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்கே மாட்டலாம். 9.5, 12.7 என்று கேடி இரண்டு தடிமனில் வருகிறது. டிரைவை இழுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: பேட்டரி, வைஃபை, திரை

பேட்டரியின் உடல்நிலையை விண்டோஸே அறிக்கையாகத் தரும். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் (powercfg /batteryreport) ஒரு பக்கம் உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள். 41,000 ஆக இருக்க வேண்டியது 17,000 என்று இருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிமூடி உப்பினாலோ அன்றே நிறுத்துங்கள். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ மடக்குவதோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வாங்கும்போது பழைய பேட்டரியின் பார்ட் எண்ணையும் வோல்ட்டையும் ஒப்பிடுங்கள். அதே உருவத்தில் இரண்டு மடங்கு திறன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வைஃபை கார்டு மலிவான, உபயோகமான மாற்றம். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம் என்று ஏஎக்ஸ்201 வாங்கினால் ஓடாது. அது பொருத்தமான இன்டெல் சிப்போடு மட்டும் சேர்ந்து இயங்க வடிவமைத்தது. பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸே வேற்றுக் கார்டை உள்ளே விடாது. அந்தத் தலைவலிக்கு யுஎஸ்பி வைஃபை குச்சியே போதும்.

திரையையும் மாற்றலாம். மங்கலான 1366 க்கு 768 திரையை 1920 க்கு 1080 ஐபிஎஸ் ஆக்கினால் கண்ணுக்கு நிம்மதி. பழைய பேனலின் பின்னால் இருக்கும் மாடல் எண், 30 பின்னா 40 பின்னா, கனெக்டர் எந்தப் பக்கம், ஸ்க்ரூ காது இருக்கிறதா இல்லையா, இத்தனையும் ஒத்துப்போக வேண்டும். திரை உடைந்து எப்படியும் மாற்றப்போகிறோம் என்றால் மட்டும் இந்த வேலையில் இறங்குவேன்.

ஆறாம் படி: எதை மறந்துவிடலாம்

பிராசஸர். இன்டெல் ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் சிப்புகள் எல்லாமே போர்டில் ஒட்டியவை. அதற்கு முன், பெயரின் கடைசியில் எம் என்று முடியும் இரண்டு, மூன்று, நான்காம் தலைமுறை சிப்புகள் பல, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், கழற்றலாம். ஆனால் அவ்வளவு பழைய லேப்டாப்புக்குச் சிப் வாங்கும் காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் அதே கதை. 2020 கடைசியிலிருந்து வரும் எம் வரிசை மேக்புக்கில் ரேம் சிப்போடு ஒரே பொட்டலமாக வருகிறது. வாங்கும்போது என்ன வாங்கினீர்களோ அதுதான் கடைசி வரை. இன்டெல்லும் 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேமைச் சிப்போடு சேர்த்துவிட்டது. இப்போது புது லேப்டாப் வாங்கப்போகிறவர்கள், மூன்று வருடம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து 8 ஜிபியில் நிற்க வேண்டாம்.

ஏழாம் படி: செலவுக் கணக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம், சிப்பின் தலைமுறையை மாற்ற முடியாது. ஏழாம் தலைமுறையோ அதற்குக் கீழோ இருக்கும் லேப்டாப் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்குப் போகத் தயாரா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கணக்கு எளிது. உங்கள் லேப்டாப்பைப் போலவே ஒன்றை செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் பாதிக்கு மேல் செலவு ஆனால் நான் செய்ய மாட்டேன். எஸ்எஸ்டி மட்டும் இதற்கு விதிவிலக்கு. லேப்டாப் செத்தாலும் எஸ்எஸ்டியை எடுத்து வேறெங்காவது போட்டுக்கொள்ளலாம். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிக்கிடக்கிறது. டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டும் பழையதாகக் கிடைக்கும், சோதித்துத் தருவார்கள் என்றால் தயங்காமல் வாங்குவேன். பழைய எஸ்எஸ்டி, பழைய பேட்டரி இரண்டையும் தொடவே மாட்டேன்.

எட்டாம் படி: வாங்குவதும் மாட்டுவதும்

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போங்கள். "இதே மாதிரி, 8 ஜிபி" என்று காட்டுவதைவிடத் தெளிவான விளக்கம் எந்த மொழியிலும் இல்லை. பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கடை கேட்டுவிட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் தெருவின் வழக்கமே அதுதான்.

பிரிப்பதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து ரெகவரி கீயை எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கப் போகிறீர்கள் என்றால் குளோன்சில்லா இலவசம். புதிதாக விண்டோஸ் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: இன்டெல் 11-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த பல லேப்டாப்களில், இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே இல்லை என்று காட்டும். எஸ்எஸ்டி பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள். இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

முழுவதும் ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் வெளிக்கோட்டை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஸ்க்ரூ தலை துருப்பிடித்திருக்கும். சரியான அளவு திருப்புளி இல்லாமல் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில்தான். ஓரங்களைப் பிரிக்கக் கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். மூடியை விருட்டென்று தூக்கவும் கூடாது. சில மாடல்களில் கீபோர்டு பக்கம் மேலே வரும், அதன் ரிப்பன் கேபிள் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. அப்புறம்தான் மற்றது. ரேமின் இரண்டு பக்கக் கொக்கியையும் விரல் நகத்தால் வெளியே தள்ளினால் அது தானாகச் சாய்ந்து எழும். புதியதைச் சாய்வாகச் செருகி, பொன்னிறக் கால்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போனதும் கீழே அழுத்துங்கள். டக் என்று சத்தம் கேட்க வேண்டும். கடற்காற்றில் அந்தக் கால்கள் மங்கியிருந்தால், நல்ல அழிரப்பரால் மெதுவாகத் துடைத்துத் துகளை ஊதிவிடுங்கள். "ரேம் போச்சு" என்று வந்த இரண்டு லேப்டாப்கள் இந்த வைத்தியத்திலேயே எழுந்து உட்கார்ந்தன.

மூடியைப் பூட்டும் முன் பேட்டரியை இணைத்து ஒருமுறை ஆன் செய்து, பயாஸில் ரேம் அளவும் எஸ்எஸ்டி பெயரும் வருகிறதா பாருங்கள். வந்த பிறகு அணைத்துவிட்டு ஸ்க்ரூ போடலாம்.

காலடிப்பேட்டை அக்காவின் லேப்டாப் ஐந்தாம் தலைமுறை ஐ3. இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி, 4 ஜிபி டிடிஆர்3எல். பழைய 4 ஜிபி ஒன்றும், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் போட்டோம். விண்டோஸ் 11-க்குப் போக முடியாது என்பதால் லினக்ஸ் மின்ட். பிரிண்டர் உடனே வந்துவிட்டது. ஸ்கேனர்தான் ஒரு மாலை முழுக்க உயிரை எடுத்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு அவரிடமே கொடுத்தேன், ஒரு மாதம் அதில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லி. மூன்றாம் நாளே போன் வந்தது: "தம்பி, ரேஷன் கார்டு ஸ்கேன் பண்ணி வெச்சேனே, அது எந்த டப்பாவுல இருக்கு?" அந்த டப்பாவில்தான் இருந்தது.